தலசீமியா பிள்ளைக்கு வைட்டமின் சி மாத்திரை தரலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, 45 கிலோ, தலசீமியா மேஜர் (உடம்பால் போதிய நல்ல ரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய்). மாதம் இரண்டு பை ரத்தம் ஏற்றுகிறோம். ராத்திரியில், சேர்ந்த இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்து பம்ப் வழியாக ஏறும். நேரடி விற்பனை செய்யும் அக்கா ஒருவர் வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ இரண்டும் "இரும்பைக் கரைக்கும்" என்கிறார். கொடுக்கலாமா? வைட்டமின் சி உள்ள கொய்யாகூட ஆகாதா?

பதில்: அந்த 1000 மில்லிகிராம் மாத்திரை வேண்டாம், அம்மா. அக்கா சொன்னது முழுப் பொய் இல்லை, பாதிக் கதை.

ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஒரு மில்லிகிராம்தான். மிச்சம் கல்லீரல், இதயம், ஹார்மோன் சுரப்பிகள் என்று போய்த் தங்கும். அங்கே ஃபெரிட்டின் என்ற புரதம் அதைப் பூட்டி வைத்திருக்கும். வைட்டமின் சி அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. வெளியே வரும் இரும்பைப் பிடித்துக்கொண்டு போக டெஸ்ஃபெரால் ஓடிக்கொண்டிருந்தால் லாபம். பம்ப் ஓடாத பகலில், அந்த இரும்பு இதயத் தசையைத்தான் பதம் பார்க்கும்.

அதனால்தான் டாக்டர்களே கொடுத்தாலும் நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், அதுவும் பம்ப் மாட்டிய பிறகு. உங்கள் மகனுக்குச் சுமார் 100 வரும். அக்காவின் மாத்திரை பத்து மடங்கு!

வைட்டமின் ஈ விஷயம் வேறு. தலசீமியா உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சிவப்பணுக்களின் சவ்வை ஓரளவு காக்கும். ஆனால் துளி இரும்பையும் வெளியேற்றாது. டாக்டர் சரி என்றால் பார்க்கலாம்.

கொய்யா இரண்டு துண்டு தாராளமாகச் சாப்பிடட்டும். இவனுக்கு இரும்பு வருவது ரத்தப் பையிலிருந்து. சாப்பாட்டில் சேர்வது சொற்பம். கீரையைக் கண்ணில் காட்டாதே என்று மிரட்டும் சொந்தக்காரர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஈரலைத் தவிர்க்கலாம். அப்புறம், 'ரத்தம் ஊற' என்று விற்கும் டானிக்கில் மலாயில் 'ஸாட் பெசி' என்று போட்டிருந்தால் அதுவும் இரும்புதான், தொடவே வேண்டாம்.

மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு வார்டுக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்போ மூச்சு வாங்கலோ இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றால், அடுத்து ரத்தம் ஏற்றப் போகும்போது இரண்டு டப்பாவையும் கையோடு கொண்டுபோய் லேபிளைக் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் எவ்வளவு, இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எப்போது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.