ஆழ்கடல் சேற்றில் கிடக்கும் மிகச் சிறிய மாங்கனீசு மணிகளில் நிக்கலும் செம்பும் எப்படிச் சேர்கின்றன?

இரண்டு வழிகள். கடல்நீரிலிருந்து நேரடியாகப் படிவது ஒன்று. அந்த மணிகளில் இரும்பும் கோபால்ட்டும் தூக்கலாக இருக்கும். மற்றதுதான் சுவாரசியமானது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில், ரேடியோலேரியா என்ற ஒருசெல் கடலுயிரிகளின் நுண்ணிய ஓடுகள் நிறைந்த சிலிக்காச் சேறு. இறந்த உயிரிகள் மட்கும்போது அவற்றோடு வந்த செம்பும் நிக்கலும் சேற்றின் இடுக்கு நீரில் கலக்கின்றன. அங்கேயே வளரும் மணி அவற்றை இழுத்துக்கொள்கிறது. டோடோரோகைட் என்ற மாங்கனீசுக் கனிமத்தின் படிகத்தில் குழாய் போன்ற இடைவெளிகள் உண்டு. இந்த அயனிகள் அதில் போய் உட்கார்ந்துவிடும்.

சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் அலசி நுண்ணோக்கியில் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய மணிகள், சில ரேடியோலேரியா ஓட்டுக்குள்ளேயே வளர்ந்தவை. என்னைக் கேட்டால், இவற்றைப் பொறுக்கித் தனியாகச் சோதிப்பதே சரி. மொத்தச் சேற்றை அரைத்தால் களிமண்ணின் உலோகமும் கலந்துவிடும்.