கல்லூரி மாணவர்களைச் சமூக சேவைக்கு வரவைப்பது எப்படி?

"வாருங்கள், சேவை செய்வோம்" என்று நோட்டீஸ் ஒட்டினால் யாரும் வரமாட்டார்கள். நேரில் பெயர் சொல்லி, குறிப்பான ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள்: "சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பாடத்தை வாசித்துப் பதிவு பண்ணித் தரணும், உன் குரல் தெளிவா இருக்கு, வர்றியா?" இப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். தனியாக வரத் தயங்குபவர்கள் நிறைய, நண்பரையும் சேர்த்தே அழைத்துவிடுங்கள். மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் கூட்டம் சேர்க்கும், சரி, ஆனால் அதற்காக மட்டும் வந்தவர் கையெழுத்து வாங்கியதும் காணாமல் போய்விடுவார். அப்புறம், தேர்வு நேரத்தில் தொந்தரவு வேண்டாம். வந்தவரை நாற்காலி அடுக்கவிட்டு, போட்டோவுக்கு நிற்கவைத்து அனுப்பினால் அடுத்த முறை போனையே எடுக்கமாட்டார். கணினி தெரிந்தவரிடம் முதியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், அவரே இன்னொருவரைக் கூட்டிவருவார்.