செல்வமகள் இருக்கும்போது பிபிஎஃப் எதற்கு?

கேள்வி: மகளுக்கு 6 வயது. அவளுக்கு 1 வயதானபோது என் அம்மா அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டம்) தொடங்கிக் கொடுத்தார். எனக்கு 8 ஆண்டுகளாக பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) ஓடுகிறது. செல்வமகளுக்குத்தானே வட்டி அதிகம், பிபிஎஃபை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அதிலேயே போடலாமா? வங்கியில் ஒரு கல்வி பாலிசியும் எடுக்கச் சொல்கிறார்கள். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன்.

பதில்: நிறுத்தாதீர்கள். செல்வமகளுக்கு 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம், பிபிஎஃபுக்கு 2020 ஏப்ரல் முதல் 7.1. வித்தியாசம் உண்மைதான். ஆனால் செல்வமகள் பணம் மகளுடையது. உங்கள் அறுபது வயதுக்கு அதில் பைசா கிடையாது. படிப்புக்கென்று எடுத்தாலும் பத்தாவது முடித்த பிறகோ 18 வயதிலோ பாதிதான் கிடைக்கும். மீதி, கணக்குத் தொடங்கி 21 ஆண்டு ஆனபின். அதாவது மகளின் 22 வயதில், கல்லூரி முடிந்த பிறகு!

உங்கள் பிபிஎஃபின் 15 ஆண்டு அவளுக்கு 13 வயதாகும்போது முடியும். அப்போது ஐந்தாண்டு நீட்டியுங்கள். முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் தராமல் விட்டால் புதிதாகப் பணம் கட்ட முடியாது. இதை எந்த வங்கியும் கூப்பிட்டுச் சொல்லாது. படிப்புக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்கு யார் தருவார்கள்? அதனால் பிபிஎஃபை உங்களுக்கென்று வையுங்கள். இரண்டிலும் தனித்தனியே ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம்.

புதிய வரி முறையில், சேமிப்புக்கான 80சி வரிக் கழிவு கிடையாது. ஆனால் இரண்டிலும் வட்டிக்கு வரி இல்லை, அது போதும். "பாலிசி எடுத்தால் வரி மிச்சம்" என்று இன்னமும் சொல்கிறவர் உங்கள் வரி முறையைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பாலிசி விளக்கத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் வருமானம் வந்தால், 8 சதவீதம் வந்தால் என்று இரண்டு கணக்கு இருக்கும். எட்டைத்தான் விரல் வைத்துக் காட்டுவார்கள். இரண்டுமே உத்தரவாதமில்லாத ஊகம். செல்வமகள், பிபிஎஃபை ஏன் வங்கிக்காரர் பரிந்துரைப்பதில்லை? அவற்றில் கமிஷன் இல்லை. பிபிஎஃப் முகவர் கமிஷனை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். உயிர்க்காப்பீடு வேண்டுமா, தனியாக டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) எடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. செல்வமகள் கணக்கில் காப்பாளர் யார்? உங்கள் அம்மா என்றால் சிக்கல். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024-இல் உத்தரவு வந்தது. நீதிமன்றம் பாட்டியைக் காப்பாளராக நியமித்திருந்தால் மட்டும் தேவையில்லை. அவர் பணம் கட்டுவது தவறில்லை, காப்பாளராக இருப்பதுதான் பிரச்சினை. கவுன்டரில் உட்கார்ந்து கணக்கைத் திறந்து கொடுத்தது அஞ்சலகக்காரர்கள்தான். இப்போது அலைவது மட்டும் நாம். பாஸ்புத்தகம், மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், அப்புறம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "சர்வர் இல்லை, நாளை வாங்க" என்றால் மறுநாளே போய் நில்லுங்கள். மனு கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் இல்லாமல் திரும்ப வேண்டாம்.

அது முடிந்ததும், இரண்டு கணக்கிலும் மாதம் 5-ஆம் தேதிக்குள் பணம் கட்டுங்கள். 6-ஆம் தேதி கட்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு.