அரசமரத்தடியில் வைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றுவிட்டோம். தை பிறந்ததும் இடிக்கப்போகிறார்கள். பாத்திரம் பண்டங்களைச் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. கஜலட்சுமி, வள்ளி தெய்வானையோடு முருகன், ராமர் பட்டாபிஷேகம், ஜரிகை ஒட்டிய ஒரு சரஸ்வதி, நேதாஜி, தாத்தா ஆச்சியின் கல்யாணப் போட்டோ. எல்லாவற்றையும் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

மகள் பிளாட் சுவர்களுக்கு வெளிர்சாம்பல் அடித்து, ஒரே ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருக்கிறாள். "அம்மா, அதெல்லாம் காலண்டர் படம், ஆர்ட் கிடையாது" என்கிறாள். பழைய சாமி படங்களைக் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. காய்ச்சல் வந்து பாயில் படுத்துக்கொண்டு அந்த முருகனையே பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் ஞாபகம் வருகிறது. இது வெறும் பழைய பாசம்தானா? அந்தப் படங்களில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசமரத்தடியில் வைக்காதீர்கள். சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் நம் ஜனங்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி அது, தெரியும். ஆனால் முதல் மழையிலேயே அட்டை ஊறிவிடும், அடுத்த வாரம் கண்ணாடி உடையும், பிறகு கரையான். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் மரத்தடியில் அப்படிக் கிடந்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவற்றில் எத்தனையோ படங்கள் இனி எங்கே தேடினாலும் கிடைக்காதவை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

உங்கள் கஜலட்சுமியையும் முருகனையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். சாமியை ஒரு நிமிஷம் விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தூண், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை, தூரத்தில் நீலமலை, நடுவில் தாமரைக் குளம் என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது நாடக மேடையின் திரைச்சீலை. தெற்கத்திக் காலண்டர் படங்களின் பிதாமகர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து காட்சித் திரை எழுதியவர். கம்பெனியோடு சுற்றி வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் என்று சீடர்களின் ஒரு வரிசையே அங்கே உருவானது. கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தர்பார் தெரிய வேண்டும், நந்தவனம் தெரிய வேண்டும் என்று எழுதிப் பழகிய கை அது. அந்தக் கைதான் உங்கள் பட்டாசலுக்கு மலையும் குளமும் கொண்டுவந்தது. அந்த முருகன் நேரே உங்களைப் பார்ப்பதும், முகம் முழுக்க ஒளி விழுவதும், உடம்பில் எங்கேயும் முரட்டு நிழல் இல்லாததும் யோசித்துச் செய்தவை.

கொண்டையராஜுவுக்கு முந்தைய தலைமுறை ஓவியர் ரவிவர்மாவினுடையது. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியதிலிருந்து, தாமரை மேல் நிற்கும் லட்சுமியும் வீணையோடு உட்கார்ந்த சரஸ்வதியும் நாடு முழுக்க வீடுகளுக்குள் வந்தார்கள். அந்தக் காலத்து அச்சு கல்லில் நடந்தது. எண்ணெய்ப்பசை உள்ள மையால் கல்லில் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும், ஈரமான இடம் வாங்காது. நிறத்துக்கு ஒரு கல். லட்சுமியின் கன்னத்துக்கு எவ்வளவு மஞ்சள், அதன் மேல் எவ்வளவு சிவப்பு என்பதை ஒருவர் கண்ணால் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தாக வேண்டும்.

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். முருகனின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் கட்டம் பிசகாமல், ஒழுங்கான இடைவெளியில், சின்ன வட்டங்களாகச் சேர்ந்திருந்தால் அது ஆப்செட் அச்சு. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் விலகல் என்று இருந்தால் லித்தோ, அதாவது மேலே சொன்ன கல் அச்சு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து வைத்தது. அதைப் பார்த்த பிறகும் ஆர்ட் கிடையாது என்று மகள் சொல்ல மாட்டார் என்றே நம்புகிறேன்.

காலண்டர் படம் என்பதை உங்கள் மகள் குறையாகச் சொல்கிறார். எனக்கு அதன் பெருமையே அதில்தான் இருக்கிறது. 1922-இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சு வந்தது, அச்சு வந்ததும் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் வரைந்தது பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர், நகைக் கடைக்காரர் கையால் வாடிக்கையாளர் வீட்டுக்கு இலவசமாகப் போனது. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு அன்று அங்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சாமியை நேருக்கு நேர் பார்ப்பது எல்லாருக்கும் கிடைத்திருந்த விஷயம் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. அதுவரை எத்தனையோ சமூகங்கள் கோபுர வாசலோடு நிறுத்தப்பட்டன. நாடார்களும் அந்தத் தடைக்கு உள்ளானவர்கள்தான். அவர்கள் தொழில் வளர்த்த ஊரிலிருந்து மீனாட்சியும் முருகனும் அச்சாகி, ஓட்டு வீடு, ஓலைக் குடிசை என்று பார்க்காமல் எல்லாச் சுவருக்கும் போனார்கள். கருவறை இருட்டில், தீபாராதனை வெளிச்சத்தில், கூட்டத்தில் எக்கிப் பார்த்தாலும் ஒரு கணம்தான் கிடைக்கும் முகம், கூலி வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒருவருக்கு எதிர்ச்சுவரில் முழுசாகக் கிடைத்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். யாரும் நகரச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் காய்ச்சல் நாட்களுக்கும் இதுதான் என் பதில். நாம் அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தோம், வருஷக்கணக்கில் பார்த்தோம். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். மயிலின் காலடியில் நெளியும் பாம்பு, வள்ளியின் கையில் எந்தப் பூ, பட்டாபிஷேகத்தில் அனுமார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதா என்ன? ஒரு படத்தின் முன்னால் பொறுமையாக இருக்க நமக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான். பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முன்னால் நான் நின்றபோது எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம். உங்களுடையது வெறும் பாசம் என்று ஒதுக்கக்கூடியது இல்லை, ஆர். உங்கள் கண் அங்கேதான் பழகியது.

அவற்றை மாட்டிய விதத்திலும் ஒரு யோசனை இருந்தது. சட்டத்தின் அடியை இரண்டு ஆணி தாங்கும், மேல்பாகம் கயிற்றில் முன்னால் சரிந்து நிற்கும். உத்தரத்தை ஒட்டி அத்தனை உயரத்தில் இருக்கும் படம், கீழே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கும் பாயில் படுத்திருப்பவருக்கும் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்கான சாய்வு அது. தட்டையாக மாட்டினால் கண்ணாடியில் வாசல் வெளிச்சம்தான் தெரியும். அந்தச் சாய்வுக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். எங்கள் வீட்டில் ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பின்னால் கட்டியது. வைக்கோலும் தேங்காய் நாரும் பட்டாசல் முழுக்க உதிர்ந்து கிடக்கும். குஞ்சு பறக்கும்வரை அந்தப் படத்தில் கை வைக்க ஆச்சி யாரையும் விடமாட்டாள். ஆயுத பூஜைக்கு எல்லாப் படத்தையும் இறக்கித் துடைத்துச் சந்தனம் வைத்தாலும், ராமருக்கு மட்டும் ஏணியில் ஏறி அங்கேயே ஒரு பொட்டு.

நேதாஜி, கல்யாணப் போட்டோ, ஷோகேஸில் இருந்திருக்கக்கூடிய மணிக்கிளி, தலையாட்டி பொம்மை இதற்கெல்லாம் தனித்தனியே எழுத வேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறேன். ஜரிகை ஒட்டிய சரஸ்வதியைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அச்சுப் படத்தில் புடவை இருக்கும் இடத்துக்குத் துணியை அளவாக வெட்டி ஒட்டி, கரைக்கு ஜரிகை, நகைக்குச் சம்கி வைப்பது அந்தக் காலத்தில் பெரிய கலை. விற்பதற்குச் செய்தவர்களும் உண்டு, வீட்டில் பெண்கள் மத்தியான நேரத்தில் செய்ததும் உண்டு. அச்சான படம் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அந்தப் புடவை கட்டிய சரஸ்வதி உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கிறாள். உங்கள் ஆச்சியோ, அவர்களுடைய அம்மாவோ ஒட்டியதாக இருக்குமா என்று வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. கட்டிலுக்கு அடியில் தரையோடு வைக்காதீர்கள், ஈரம் ஏறும். பின்பக்கத்துப் பழைய மரப்பலகையையும் அட்டையையும் பூச்சி அரித்திருக்கும். அதை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை போடச் சொல்லுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் எக்காரணம் கொண்டும் உரிக்க விடாதீர்கள், வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஒட்டாத படத்துக்குக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்படி சுற்றிலும் அட்டை விளிம்பு (மவுண்ட்) வைக்க வேண்டும். லேமினேஷன் பேச்சே வேண்டாம். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் நேர் வெயில் விழும் இடத்திலும் மாட்டக்கூடாது. பழைய சட்டம் உளுத்துப்போகாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மாட்ட வேண்டும் என்று மகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அது அவர் வீடும்தான். அந்த முருகனை மட்டும் எடுங்கள். நீங்கள் படுக்கும் அறையில், படுத்தால் கண்ணில் படும் சுவரில், பழைய மாதிரியே முன்சாய்வாக மாட்டுங்கள். வெளிர்சாம்பல் சுவரில் அந்தச் சிவப்பும் பச்சையும் நன்றாகவே எடுக்கும். மற்றவை காட்டன் துணியில் சுற்றி அலமாரிக்குள் நிற்கட்டும். சரஸ்வதி பூஜைக்குச் சரஸ்வதியை வெளியே எடுக்கலாம்.

பிரேம் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு வேலை. படத்தின் கீழ் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து, அச்சகத்தின் பெயர், காலண்டர் கொடுத்த கடையின் பெயர் ஏதாவது பொடி எழுத்தில் இருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் அந்த ஓரத்தைத்தான் முதலில் வெட்டுவார். வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கண்டித்துச் சொல்லிவிடுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்த மூலையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கோவில்பட்டிக்காரர்கள் யாராவது வரைந்ததா என்று சேர்ந்து பார்ப்போம்.