மருந்தியல் பட்டம் படித்தால் பார்மசிஸ்ட் ஆகலாமா?

கேள்வி: எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகம் போகுமுன் மலேசியாவில் எழுதும் தேர்வு) முடித்துவிட்டேன். இங்கிலாந்தில் மூன்றாண்டு மருந்தியல், அதாவது ஃபார்மகாலஜி, படிக்க இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. பார்மசியும் இதுவும் ஒன்றுதானா? மலேசியா திரும்பினால் வேலை உண்டா?

எனக்கு இதை யாரும் நேரத்தோடு சொல்லவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் ஒன்றல்ல. மருந்தியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பார்மசிஸ்ட் ஆக முடியாது.

நான் பினாங்குக்காரி. குளுகோரில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து யு.எஸ்.எம்., அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வாசல் நடக்கிற தூரம். நாட்டின் முதல் பார்மசி பள்ளி 1972-இல் தொடங்கியது அங்கேதான். சின்ன வயதிலிருந்தே 'அங்கேதான் படிப்பேன்' என்று சொல்லித் திரிந்தவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு கல்வி ஏஜெண்டைப் பார்க்க அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். "பார்மசி நாலு வருஷம், ஃபார்மகாலஜி மூணு வருஷம். ரெண்டும் மருந்துப் படிப்புதான் அங்கிள், ஒரு வருஷக் காசு மிச்சம்" என்றார் அவர். மிச்சம் என்ற சொல்லில் அப்பா விழுந்துவிட்டார். நானும்தான்.

உண்மை தெரிந்தது இரண்டாம் ஆண்டில், பார்மசி படித்த ஈப்போக்காரத் தோழி ஒருத்தி சொல்லி. இங்கே பார்மசிஸ்டாக வேலை பார்க்க 1951-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி மலேசிய பார்மசி வாரியத்தில் பதிய வேண்டும். அதற்கு வாரியம் ஏற்றுக்கொண்ட பார்மசி பட்டம் வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு, ஓராண்டுப் பயிற்சி, அப்புறம்தான் முழுப் பதிவு. மருந்தியல் பட்டம் இந்த வரிசையில் எங்கும் இல்லை. வேண்டுமானால் பார்மசி பட்டத்தில் மறுபடி சேர்ந்து படிக்க வேண்டியதுதான். அன்றிரவு அப்பாவுக்குப் போன் போட்டேன், ஆனால் சொல்லவில்லை. சொல்ல ஆறு மாதம் ஆனது.

சரி, அப்படியானால் இது என்ன படிப்பு? ஒரு பொருள் உடம்புக்குள் போய் எதைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததும் என்ன நடக்கிறது, உடம்பு அதை எப்படிச் சிதைத்து வெளியே தள்ளுகிறது என்பதுதான் மூன்று வருஷமும். முதலாண்டு முழுக்க உடலியங்கியல், உயிர்வேதியியல், கொஞ்சம் புள்ளியியல். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாம் ஆண்டின் ஒரு வகுப்பை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கினிப்பன்றியின் சிறுகுடலில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் துண்டு. இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரி சூட்டில் உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவோம். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். விலங்கு செத்துவிட்டது, குடல் துண்டு மட்டும் மெல்ல நெளிந்துகொண்டிருக்கும். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்புகள் சுரக்கும் பொருளான அசிட்டைல்கோலின் கொஞ்சம் விட்டால் வெடுக்கென்று சுருங்கும், திரையில் கோடு எகிறும். கழுவ வேண்டும். இரட்டிப்பு அளவு விட வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு விட்டாலும் கூடுதலாகச் சுருங்காது. மருந்தின் அளவை மடக்கை (லாக்) அச்சில் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் எஸ் எழுத்தைச் சாய்த்து இழுத்துவிட்டதுபோல ஒரு வளைவு வரும்.

அடுத்து அட்ரோபின். நம் ஊமத்தங்காயின் நஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை விட்டபின், முன்பு பெற்ற அதே சுருக்கத்தைப் பெற அசிட்டைல்கோலினைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். வளைவு உருமாறாமல் அப்படியே வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்பதை அந்த நகர்வு காட்டிக்கொடுக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து தெளித்து மயங்கி விழுந்தவருக்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஏற்றுவதும் இதே கணக்குதான்: அந்த நஞ்சால் உடம்பில் அசிட்டைல்கோலின் சிதையாமல் குவிந்துவிடுகிறது, அட்ரோபின் அதன் இடத்தை மறித்துக்கொள்கிறது.

முதல் நாள் நான் நடுவில் இரண்டு முறை கழுவ மறந்துவிட்டேன். பழைய சொட்டும் புதிய சொட்டும் சேர்ந்து என் வளைவு மலைப்பாதைபோல வந்தது. மூன்று மணி நேரம் வீண், குடல் துண்டும் களைத்துவிட்டது. மறுவாரம் சரியாக வந்தபோது அந்தத் தாளை மடித்து வீட்டுக்கே கொண்டுபோனேன். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொட்டாவி வந்திருந்தால் தயவுசெய்து இந்தப் படிப்பு வேண்டாம். விலங்கைத் தொட மனம் ஒப்பாது என்பது வேறு விஷயம். இப்போது பல இடங்களில் இதைக் கணினி மாதிரியிலேயே செய்யவைக்கிறார்கள், சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இந்தப் படிப்பு பயன்பட்ட இடமும் ஒன்று உண்டு. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று கிளினிக்கில் அம்லோடிபின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே, "மாத்திரை வேலை செய்யல, டாக்டர் சரியில்ல, வேற கிளினிக் போலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அப்படி ஒரு மருந்து தினம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். வாளியில் சின்ன ஓட்டை, தினமும் ஒரு குவளை தண்ணீர் என்று படம் போட்டுக் காட்டினேன். சட்டையைக் கழற்றினார். "இதுக்குத்தான் இவ்வளவு காசா" என்று கேட்கவும் மறக்கவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வந்து ஏறிய முதல் நேர்காணல் ஒரு மருந்தகத்தில். பதிவு எண் கேட்டார்கள். இல்லை என்றதும் கவுண்டர் உதவியாளர் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதன்பின் எட்டு மாதம் டியூஷன் எடுத்தேன். இப்போது கோலாலம்பூரில் இருந்துகொண்டு, புது மருந்துச் சோதனைகள் நடக்கும் மருத்துவமனைகளுக்குப் போய் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, சம்மதக் கையெழுத்து முறைப்படி வாங்கப்பட்டதா என்று சரிபார்க்கிறேன். பக்கவிளைவுப் புகார்களைப் பதிவுசெய்து ஆராயும் வேலை உண்டு. மருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணுக்காக நிறுவனங்கள் கோப்பு தயாரிக்கும் வேலையும் உண்டு. ஆனால் இதே வேலைகளுக்குப் பார்மசிஸ்டுகளும் வருவார்கள். பட்டத்தோடு பதிவும் அவர்கள் கையில் இருக்கும், நம்மிடம் பட்டம் மட்டும்தான்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் நிலைமை வேறு. கெடா, பெர்லிஸ் பக்கம் வளரும் கெத்தும் (வெளிநாடுகளில் கிராட்டம் என்பார்கள்) என்ற போதை இலையை 1952-ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று யு.எஸ்.எம். போதைப்பொருள் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்தக் கேள்விக்கு மருந்தியல் படித்தவர்தான் சரியான ஆள். முதுகலை, முனைவர் பட்டம் என்று போக மனமும் பொறுமையும் வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். 'இந்தப் பட்டத்தை வைத்து மலேசிய பார்மசி வாரியத்தில் பதிய முடியுமா' என்று ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுக்கொண்ட பட்டங்களின் பட்டியலை வாரியம் வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். பார்மசிஸ்ட் ஆவதுதான் கனவு என்றால் ஓராண்டு காத்திருந்தாவது பார்மசிக்கே விண்ணப்பியுங்கள். மருந்தியல்தான் என்று முடிவெடுத்தால், நடுவில் ஓராண்டு மருந்து நிறுவனத்திலோ ஆய்வகத்திலோ வேலை செய்யும் நான்காண்டு வடிவம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. காசு மிச்சம் என்று நான் அதையும் விட்டேன். என் வகுப்பில் அதை எடுத்தவர்கள் பட்டமளிப்புக்கு முன்பே வேலை வாங்கிவிட்டார்கள், நான் எட்டு மாதம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.