கொரோனா நேரத்தில் சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) முடிகிறது. இப்போதே ஆர்டிஓ அலுவலகம் போகத்தான் வேண்டுமா?

2020 அக்டோபரில் உங்கள் டாடா ஏஸுக்கு எஃப்.சி. முடிகிறது, வீட்டில் வயதான அப்பா இருக்கிறார், கூட்டத்தில் போய் நிற்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் குட்டி யானை வைத்துக் காய்கறி லோடு அடிப்பவன்தான்.

அவசரமே இல்லை (இது 2020-இல் சொன்னது; அந்தச் சலுகை இப்போது இல்லை). 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான, டிசம்பர் 31க்குள் காலாவதியாகப் போகிற எஃப்.சி., பர்மிட், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் டிசம்பர் 31 வரை செல்லும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. முதலில் ஜூன் 30 என்றார்கள், அப்புறம் செப்டம்பர் 30, இப்போது இது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து வண்டியிலேயே வையுங்கள். செக்போஸ்ட்டில் வாய்ப்பேச்சு எடுபடாது. இன்சூரன்ஸ் மட்டும் இந்தச் சலுகையில் வராது. அதை நாள் தவறாமல் ஆன்லைனில் புதுப்பித்துவிடுங்கள்.

அதற்காக டிசம்பர் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். ஊரில் உள்ள வண்டி எல்லாம் அன்றைக்குத்தான் வந்து நிற்கும். லோடு ஏற்றுகிற வண்டிக்கு பிரேக்கை எப்படியும் பார்த்தாக வேண்டும். நவம்பர் நடுவில், முகூர்த்தமும் பண்டிகையும் இல்லாத ஒரு வாரநாளாகப் பாருங்கள். கட்டணத்தை முன்கூட்டியே மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கட்டிவிட்டால் கவுன்ட்டர் பக்கம் நிற்கும் நேரமாவது குறையும்.

என்னைக் கேட்டால், முதல் நடையைவிட இரண்டாவது நடைக்குத்தான் பயப்பட வேண்டும். வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபடியும் அதே வரிசை, அதே கூட்டம். அதனால் பட்டறையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக், வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர், முதலுதவிப் பெட்டி, புகைச் சான்றிதழ். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது சேசிஸ் நம்பர் மேலும் அடித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, எண் பளிச்சென்று தெரியும்படி வையுங்கள். இல்லையென்றால் அவரும் நீங்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து தேட வேண்டியிருக்கும். கொரோனாவுக்கு அதைவிட வசதி வேண்டுமா!

கிளீனர், நண்பர் என்று யாரையும் கூட்டிப் போகாதீர்கள். மாஸ்க் கழற்றாமல், சொந்தப் பேனாவோடு போங்கள். முறை வரும்வரை மைதானத்தில் டீக்கடை ஓரமாக நிற்காமல் வண்டியிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து இறங்கிய பிறகு ஸ்டியரிங், கியர் ராடு, ஹேண்ட் பிரேக், கதவுக் கைப்பிடி நான்கையும் சானிடைசர் துணியால் துடைத்தால் போதும். அந்த பாட்டிலை வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஆல்கஹால் தீப்பிடிக்கக் கூடியது.