ஈகோவை ஒழிக்க வேண்டாம், அது எங்கே சீறுகிறது என்று பாருங்கள்

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் எல்லார் முன்னிலையிலும் உங்கள் கணக்கில் தப்பு காட்டினார், நீங்கள் கத்திவிட்டீர்கள், இனி ஈகோவை அடியோடு ஒழிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒழிக்கவும் முடியாது. மனப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் ஃபிராய்டு 1923-இல் விளக்கிய ஈகோ, ஆசைக்கும் மனசாட்சிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே சமாதானம் பேசும் பகுதி. திமிர் என்கிற அர்த்தம் பேச்சுவழக்கில் ஏறியது. அடுத்தவர் வேலையை உங்கள் தலையில் கட்டும்போது "முடியாது" என்று சொல்லவும் அதுதான் வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். "இந்த வரியில் கூட்டல் தப்பு" என்று அவர் சொன்னது, "உனக்கு வேலை தெரியாது" என்று உங்கள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம். கோபம் ஆறிய மறுநாள் எழுதுங்கள். அன்று இரவே உட்கார்ந்தால் குற்றப்பத்திரிகைதான் வரும். வலப்பக்கம் மட்டும் நீண்டால், காயம் பட்டது உங்களைப் பற்றி நீங்களே வைத்திருக்கும் பிம்பத்துக்கு.

அடுத்த முறை ஒரே வாக்கியம்: "எந்த வரி, காட்டுங்கள்." கண் தாளுக்குப் போய்விடும், குரல் தானாகத் தணியும்.

மன்னிப்பை அதே ஆட்கள் முன்னால் கேளுங்கள்: "நீங்கள் சொன்னது சரி. நான் கத்தியது தப்பு." பின்னால் "ஆனால்" சேர்க்காதீர்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று புலம்புவதும் ஈகோதான். பாவம், அவரே உங்களைத் தேற்ற வேண்டிவரும். உண்மையிலேயே கேலி செய்திருந்தால் அது தன்மான விஷயம், அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.